பந்து எங்கே நின்றது என்று கேட்ட அம்மா

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிறது. திதியை வீட்டில் கொடுக்காமல் பள்ளிக்கூட மண்டபத்தில் வைத்திருப்பதில் உறவினர் சிலருக்கு மனவருத்தம் என்று அறிகிறேன். வலப்பனையில் இருக்கும் பெரிய மாமா, அம்மாவின் அண்ணன், நேரிலேயே கேட்டார்: "ஏன் மாப்ள, அவ பொறந்து வாழ்ந்த காம்பரா இருக்கையில, பெத்தவளுக்கு ஊரான் எடத்துலயா படைக்கிறது?" எங்கள் குடும்பத்தில் உயர்தரம் வரை படித்தவன் நான் ஒருவன் என்பதால் இதை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. மாமாவுக்கான பதிலும் இதில் இருக்கிறது.

அம்மா உடப்புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், மலையை ஒட்டிய லயத்தில், வரிசையாகக் கட்டிய ஒற்றை அறைக் காம்பராக்களில் ஒன்றில் பிறந்தார். அவருடைய சின்ன வயதில் ஒரு மழைக்காலத்தில் மேல் லயம் மண்ணோடு போனது. கூட விளையாடிய தோழியை மறுநாள்தான் தோண்டி எடுத்தார்களாம். அதன் பிறகு மழை கனத்தால் அம்மா படுக்க மாட்டார். சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருப்பார். அப்பாவைக் கட்டிய பிறகும் அதே லயம்தான்.

கொழுந்து பறித்த அம்மா, ஞாயிற்றுக்கிழமைகளில் நுவரெலியாவில் ஒரு கிளப்பின் புல்தரையில் களை பிடுங்கப் போவார். அங்கே விளையாடுவது லோன் போல்ஸ். ஒட்ட வெட்டிய புல்லில், தூரத்தில் கிடக்கும் சின்ன வெள்ளைப் பந்துக்குப் பக்கத்தில் பெரிய பந்தை உருட்டி நிறுத்த வேண்டும். பெரிய பந்து நேரே போகாது. வேகம் குறையக் குறைய ஒரு பக்கமாக வளையும். ஒருநாள் ஆள் குறைந்தபோது சும்மா அம்மாவைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். அவர் உருட்டிய பந்து வெள்ளைப் பந்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. பிறகு கொழும்பில் விளையாடினார். நாட்டின் சட்டையைப் போட்டுக்கொண்டு தாய்லாந்துக்கும் மலேசியாவுக்கும் போனார்.

"கூடைய எறக்கி வச்சிட்டுக் கோலி வெளையாடப் போறாங்களாம்" என்று தண்ணீர் பிடிக்கும் இடத்தில் கேலி பேசினார்கள். "ஆமாக்கா, பெரிய கோலி. நீங்களும் வாறீங்களா?" என்பார் அம்மா.

கிளப்பில் கழித்துப் போட்ட பழைய பந்து ஒன்று அவருக்குக் கிடைத்தது. அதற்குக் காம்பராவில் வேறு வேலை வைத்தார். ஒரு தேயிலைப் பெட்டிப் பலகையை வாசற்படியில் உள்பக்கமாகச் சாய்த்து, மேலிருந்து பந்தைத் தள்ளாமல் விடுவார். அது சிமெண்டுத் தரையில் ஓடி, வளைந்து, அடுப்படிக்கு முன்னால் நிற்கும். அந்த இடத்தில் சாக்கட்டியால் ஒரு கோடு.

"தரை சாஞ்சா பந்து கோட்டுல நிக்காது தம்பி. மலை நகந்தா அது மொதல்ல நம்ம தரைக்குத்தான் தெரியும்" என்பார் என்னிடம்.

மழை நாளில் பந்து விட்ட பிறகுதான் எங்கள் வீட்டில் விளக்கேற்றுவோம்.

மலேசியாவில் அரையிறுதிக்கு முதல்நாள் அம்மா தொலைபேசியில் கூப்பிட்டார். இங்கே விடாத மழை. சாப்பிட்டீர்களா என்றுகூடக் கேட்கவில்லை.

"பந்து எங்க நின்னுச்சு?"

"கோட்டத் தாண்டிப் போயிருச்சும்மா."

"திரும்ப விடு."

விட்டேன். அதே இடம்தான்.

"எல்லாரையும் கூட்டிக்கிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போ. கோழி, சாமான் ஒண்ணும் பாக்காத. போ!"

இணைப்பு அறுந்தது. அப்பாவும் நானும் கதவு கதவாகத் தட்டினோம். பக்கத்துக் காம்பரா சித்தப்பா சிரித்தார். "மலேசியாவுல இருந்துக்கிட்டு ஒங்கம்மா நம்ம மலையப் பாக்குறாங்களாக்கும்?" ஆனால் சித்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடக்கத் தொடங்கியதும், அவரும் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னால் வந்தார். விடிவதற்குள் மேட்டு மண் இறங்கி எங்கள் அடுப்படிகளை மூடியது. ஓர் உயிரும் போகவில்லை.

அது அம்மாவுக்குத் தெரியாது. தொலைபேசி வேலை செய்யவில்லை. நாங்கள் இருக்கிறோமா இல்லையா என்று தெரியாமலே களத்தில் நின்றார், தோற்றார். வீட்டுக்கு வந்து சொன்னார்: "அந்த வெள்ளைப் பந்தப் பாத்தா ஒன் மண்டை மாதிரியே தெரிஞ்சிச்சுடா. அதுமேல எப்பிடி உருட்டுறது?" நாங்கள் சிரித்தோம். அம்மா சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு மழைக்காலத்தில் வந்த எந்த வெளிநாட்டு அழைப்பையும் அவர் ஏற்கவில்லை.

மண்ணை அள்ளி, சுவரைக் கட்டி, அதே காம்பராவில்தான் குடியிருந்தோம். வேறு இடத்தில் வீடு தருவதாக அதிகாரிகள் இன்றும் சொல்கிறார்கள். நுரையீரல் நோயோடு ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாட்களில் அம்மாவுக்குப் பேச மூச்சு இல்லை. ஜன்னலில் மழை விழுந்தால் என் பக்கம் திரும்பி, கையை மட்டும் உருட்டிக் காட்டுவார். "கோட்டுலதாம்மா நிக்குது" என்பேன். அப்போதுதான் கண்ணை மூடுவார்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அம்மாவைக் கம்பளியில் கிடத்தி, சறுக்கும் பாதையில் பெரிய ரோட்டுவரை சுமந்த லயத்து அண்ணன்மாருக்கும், எங்கள் வீட்டில் அடுப்பெரியாத நாட்களில் சோறு தந்த சித்திக்கும், கொழும்பிலிருந்து வந்து பாடையோடு நடந்த அம்மாவின் விளையாட்டுத் தோழிகளுக்கும், மண்டபத்தைத் திறந்துவிட்ட பள்ளிக்கூட அதிபருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

மாமா, திதியை வீட்டில் கொடுக்கத்தான் நாங்களும் நினைத்திருந்தோம். சென்ற வாரம் மழை பிடித்ததும் பந்து விட்டேன். கோட்டில் நிற்கவில்லை. திரும்ப விட்டேன். அதே இடம்தான். லயத்தார் எல்லோரும் இப்போது பள்ளிக்கூடத்தில்தான் படுக்கிறோம். இதை எழுதும் இன்று காலை மேலே போய் விட்டுப் பார்த்தேன். இன்னும் தள்ளி நின்றது.

தூரத்திலிருந்து வருகிறவர்கள், பழைய நினைவில் லயத்துக்கு ஏறிவிடாமல், தயவுசெய்து நேரே பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள். அம்மாவின் படத்தைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டோம்.