டெஸ்மண்ட் டீக்கின் கையெழுத்து

லைல் புரோகாப்பைப் பதினோரு முறை சுட்டுக் கொன்றிருக்கிறார்கள், இரண்டு முறை தூக்கில் போட்டிருக்கிறார்கள், ஒரு தடவை காட்டெருமை மிதித்துச் செத்தார். எல்லாம் சினிமாவில்தான். கலிபோர்னியாவில் குதிரைப் படங்களை வண்டி வண்டியாக எடுத்துத் தள்ளிய காலத்தில், கதாநாயகன் கையால் முதலில் சாவதற்கு ஓர் ஆள் வேண்டுமென்றால் கூப்பிடு லைலை என்பார்கள். அப்புறம் நியூயார்க்கில் ஒன்பது வருடம் தொலைக்காட்சித் தொடரில் டாக்டர் வேஷம். தொடர் நின்று எத்தனையோ காலம் ஆன பிறகும், க்ளீவ்லாண்ட் மளிகைக் கடையில் பெண்கள் அவரை வழிமறித்து, "டாக்டர், முட்டி வலி தாங்கலையே, என்ன சாப்பிடலாம்?" என்று கேட்பார்கள். அவரும் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, "உப்பைக் குறைங்க" என்பார். முகம் நாடு முழுக்கத் தெரியும். பேர் சொந்தத் தெருவிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. இந்தத் தொழிலில் முக்கால்வாசிப் பேரின் பிழைப்பு அதுதான், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கட்டியவள் இரண்டாவது தூக்குக்கு முன்பே விட்டுப் போய்விட்டாள். பிள்ளை குட்டி கிடையாது. ஐம்பது வயதுக்கு மேல் பிறந்த ஊரான க்ளீவ்லாண்டுக்கே திரும்பி வந்து, ஏரிக்கரையிலிருந்த நாடக அரங்கில் ஒட்டிக்கொண்டார். அப்பா உருக்காலையில் வெந்த ஊர் அது. அந்த அரங்கின் பின்வாசலை விட்டால் அவருக்குப் போக வேறு வாசல் இல்லை.

அந்தப் பின்வாசலுக்குள் நுழைந்ததும் ஒரு பலகை. அதில் வருகைத் தாள் குத்தியிருக்கும், பக்கத்தில் நூலில் கட்டிய பென்சில். திரை உயர்வதற்கு அரைமணி நேரம் முன்னால் ஒவ்வொரு நடிகரும் வந்து, தன் பேருக்கு நேராகத் தன் கையால் முதலெழுத்துகளைப் போட வேண்டும். அரைமணி ஆனதும் ரூத்தான் என்ற மேடை நிர்வாகி வந்து பார்ப்பாள். எங்காவது காலி இடம் இருந்தால் அவ்வளவுதான், போனைத் தூக்குவாள், வீட்டுக்கு ஆள் அனுப்புவாள், மாற்று நடிகனுக்கு உடுப்பு மாட்டச் சொல்லுவாள். ஒருத்தருக்காக இன்னொருத்தர் போடுவது மட்டும் கூடவே கூடாது. மேடையில் வசனத்தை மறக்கலாம், குடித்துவிட்டுக்கூட வரலாம், மன்னிப்பு உண்டு. இதற்கு மன்னிப்பே கிடையாது.

லைல் அதைத்தான் பதினைந்து வருடமாகச் செய்துவந்தார். டெஸ்மண்ட் டீக்குக்காக.

டெஸ்மண்ட் இவருக்கு உயிர் நண்பர். நல்ல நடிகர், ஆனால் நேரம் என்றால் என்னவென்றே தெரியாத ஜென்மம். இரண்டு தெரு தள்ளி ஒரு விடுதி அறையில் இருந்துகொண்டு, பெரும்பாலும் இரண்டாம் அங்கத்தில்தான் தனக்கு வேலை என்ற தைரியத்தில் ஆடி அசைந்து வருவார். "எனக்கும் சேர்த்துப் போட்டுடுடா லைல், என் கண்ணு இல்ல" என்று ஆரம்பித்தது. டெஸ்மண்டுக்கு வயிறு தள்ளிய ஆங்கில 'டி' ஒன்று, அதன் பக்கத்தில் டீக்குக்கு மேல்கோடு விலகிய 'டி' ஒன்று. லைல் கை அப்படியே பழகிப்போயிற்று. சில வருடம் போனதும் டெஸ்மண்ட் தன் கையால் போடுவதையே விட்டுவிட்டார்.

எண்பத்தாறாம் வருடம் மார்ச் மாதம், ஒரு புதன்கிழமை, மதியம் இரண்டு மணிக் காட்சி. லைல் வழக்கம்போல இரண்டு பேருக்கும் போட்டார். இரண்டாம் அங்கம் தொடங்கும்வரை டெஸ்மண்டை யாரும் தேடவில்லை. தேட ஆரம்பித்த பிறகும் தாளில் கையெழுத்து இருந்ததால் கட்டடத்துக்குள்ளேயே தேடினார்கள், கொதிகலன் அறை, கழிப்பறை, உடுப்புக் கிடங்கு என்று. கடைசியில் விடுதிக்கு ஆள் போனபோது மணி நான்கு. டெஸ்மண்ட் தரையில், கதவைப் பார்த்தபடி கிடந்தார். மாரடைப்பு. காலையிலேயே விழுந்திருக்கிறார், மூன்று மணிவரை உயிர் இருந்திருக்கும் என்றார் மருத்துவர்.

அப்படியானால் கையெழுத்து எப்படி வந்தது? ரூத்தான்தான் ஒரு விளக்கம் சொன்னாள்: "சீக்கிரமா வந்து போட்டிருப்பாரு. எதையோ மறந்துட்டு ரூமுக்குத் திரும்பிப் போயிருப்பாரு. விழுந்தது அப்புறமாத்தான் இருக்கும், டாக்டர் நேரத்தைத் தப்பாச் சொல்றாரு." எல்லாரும் தலையாட்டினார்கள். லைலும் ஆட்டினார். சண்டாளத்தனம்தான், ஆனால் ஆட்டினார். சொன்னால் அந்த வாசல் அவருக்கு மூடிவிடும். எழுபது வயதில் எங்கே போவது?

அக்டோபரில் புது நாடகம். தாளில் டெஸ்மண்டின் பேர் இல்லை. முதல் புதன்கிழமை மதியம், எல்லாப் பேருக்கும் கீழே, வெற்றிடத்தில், பென்சிலால் இரண்டு எழுத்து. வயிறு தள்ளிய 'டி', மேல்கோடு விலகிய 'டி'.

"எவன் பார்த்த வேலை இது?" ரூத்தான் கத்தினாள். "செத்த மனுஷன் பேர்ல விளையாட்டா? கை அழுகிடும், சொல்லிட்டேன்!" அழித்துப் போட்டாள்.

அடுத்த புதனும் வந்தது. அதற்கடுத்த புதனும். வேறு நாளில் இல்லை, புதன் மட்டும். அது டெஸ்மண்டின் எழுத்து என்று லைலால் சொல்லவும் முடியவில்லை. அந்தத் தாளில் டெஸ்மண்டின் எழுத்தாக இருந்ததெல்லாம் இத்தனை வருடமும் லைல் போட்டதுதானே? தன் கைதான் தனக்குத் தெரியாமல் எழுதுகிறதா, புத்தி பிசகுகிறதா என்று பயந்தார். ஒரு புதன் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் விரல் நுனியில் பென்சில் கரி. தன் பேருக்குப் போட்டபோது ஒட்டியதாகவும் இருக்கலாம். சோப்பு போட்டுத் தேய்த்தும் அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த புதன் பகல் பன்னிரண்டுக்கே வந்தார். தன் கையெழுத்தைப் போட்டுவிட்டு, பலகைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, கம்பளிக் கையுறை மாட்டி, கையைக் கக்கத்தில் செருகிக்கொண்டார். வந்த நடிகர்கள் கிண்டல் பண்ணினார்கள். "என்ன லைல், தாளுக்குக் காவலா? யாரும் திருடிட்டுப் போயிட மாட்டாங்க."

"நீ போட்டுட்டு நடையைக் கட்டு."

ஒன்றரை மணிக்கு ரூத்தான் தாளை எடுத்தாள். கீழே அதே இரண்டு எழுத்து. பிறகு ரப்பரை எடுத்து அடியில் தேய்த்தாள். லைல் ஒரு தடவைகூடக் கண்ணை எடுத்திருக்கவில்லை. காபிக் கோப்பையில் சர்க்கரை சரியாக இருக்கிறதா என்று பார்த்தாரே, அது தவிர.

ஜனவரியில் பனி கொட்டியது. அன்றும் புதன். பேருந்து தாமதம். ஒன்றேகாலுக்குத்தான் லைல் இறங்கினார், அரங்கின் பின்சந்தில் வேகமாக நடந்தார், உறைந்த தண்ணீரில் கால் வழுக்கியது. விழுந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. இடுப்புக்குக் கீழே வலி உயிரை எடுத்தது. சந்தில் ஒரு குஞ்சு குருவி இல்லை. பின்வாசல் முப்பது அடி தூரத்தில் தெரிந்தது.

முதலில் அவர் பயப்படவில்லை. ஒன்றரை ஆகட்டும், ரூத்தான் தாளைப் பார்ப்பாள், என் இடம் காலியாக இருக்கும், ஆள் அனுப்புவாள், அனுப்பினவன் இந்தக் கதவைத் திறந்ததும் நான்தான் கண்ணில் படுவேன். அப்படியே கதவைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். தேவாலய மணி ஒன்றரை அடித்தது. கதவு திறக்கவில்லை. கூப்பிட்டார், பதினான்கு முறை செத்த தொண்டை அது, ஆனால் அன்றைக்குக் காற்றுதான் வந்தது. பனி புருவத்தில் உட்கார்ந்தது. ஏன் யாரும் வரவில்லை? காலி இடத்தைப் பார்த்தால் ரூத்தான் ஒரு நிமிடம் பொறுக்க மாட்டாளே?

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. டெஸ்மண்டும் இப்படித்தான் கதவைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறான். இன்றைக்காவது லைல் போடாமல் விட்டிருக்க மாட்டானா, ஒன்றரை ஆனதும் ஆள் வராதா என்று அவனும் கணக்குப் போட்டிருப்பான். ஐயோ, மூன்று மணிவரை!

லைல் அழுதார். சத்தமில்லாமல், நடிப்பில்லாமல்.

ரொட்டி வண்டிக்காரி ஒருத்திதான் பார்த்து, அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, உள்ளே கொண்டுவந்து விட்டாள். மணி ஒன்று ஐம்பது. ரூத்தான் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"என்ன கோலம் இது? இந்தப் பனியில எதுக்கு வெளிய போனீங்க?"

"வெளிய போனேனா? நான் இப்பதானே வரேன்."

"விளையாடாதீங்க லைல். கையெழுத்துப் போட்டிருக்கீங்களே. உள்ள எங்கயோ இருக்கீங்கன்னுதானே நானும் தேடாம இருந்தேன்."

லைல் நொண்டிக்கொண்டு பலகைக்குப் போனார். அவர் பேருக்கு நேராக 'எல்', 'பி'. அந்தப் 'பி'க்கு வயிறு தள்ளியிருந்தது. தாளின் அடியில் பார்த்தார். ஒன்றும் இல்லை. அத்தனை புதனும் வந்த 'டி.டி.' அன்றைக்கு வரவில்லை.

"ரூத்தான்," என்றார். பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. "மார்ச்ல டெஸ்மண்ட் பேருக்கு நேரா போட்டது நான்."

அவள் அவரைப் பார்க்கவில்லை, தாளையே பார்த்தாள். "தெரியும்."

"என்ன தெரியும்?"

"அந்தப் படியில நின்னு பார்த்துட்டுத்தான் இருந்தேன். எத்தனை வருஷமாப் பார்க்கறேன்! ரெண்டு கிழவனுங்களும் என்னை ஏமாத்தறதா நெனச்சுக் குஷியா இருக்கீங்க, இருந்துட்டுப் போங்கன்னு விட்டேன். அன்னைக்கும் விட்டேன்." தாளின் ஓரத்தை விரலால் நீவினாள். "திரும்பிப் போயிருப்பாருன்னு அத்தனை பேர்கிட்டயும் சொன்னேனே, உங்களைக் காப்பாத்தன்னா நெனச்சீங்க?"

ரூத்தான் ரப்பரை எடுத்து அந்த 'எல்.பி.'யை அழித்தாள். மற்றதைவிட அதை அழிக்க ரொம்ப நேரம் ஆயிற்று. பென்சிலை அவர் கையில் கொடுத்தாள்.

"நீங்களே போடுங்க. கால் எப்படி இருக்கு? மாத்து ஆளைக் கூப்பிடவா?"

"பதினோரு தரம் சுட்டாங்க, அப்பவே கூப்பிடல" என்றார் லைல். தன் கையால் போட்டார். அன்று ஒரு கோலை ஊன்றிக்கொண்டு நடித்தார், நாடகத்தில் கோலே கிடையாது.

அதற்குப் பிறகு அந்த எழுத்து வரவே இல்லை. லைல் இன்னும் எட்டு வருடம் நடித்தார். தாமதமான நடிகர்கள் யாராவது போனில் கூப்பிட்டு, எனக்கும் சேர்த்து ஒரு கையெழுத்துப் போட்டுவிடுங்கள், பத்தே நிமிடத்தில் வந்துவிடுவேன் என்று கெஞ்சுவது உண்டு. எவ்வளவு நெருக்கமானவர்களானாலும் லைல் ஒரே பதில்தான் வைத்திருந்தார்.

"போட மாட்டேன். காலியாவே இருக்கட்டும். காலியா இருந்தாத்தான் உன்னைத் தேடி வருவாங்க."