நான் ஏறினால் மட்டும் பிடிக்கும் சக்கரம்

நேற்று கதவுக் கீலுக்கு மண்ணெண்ணெய் விட்டேன். விரலில் ஒட்டிய வாசனை சோப்புப் போட்டும் போகவில்லை. அந்த வாசனைக்கு நான் அறிந்த ஒரே முகவரி, தலத்தெருவில் ஜப்பார் பாயின் சைக்கிள் கடை. எழுபதுகளின் கடைசியில், கல்யாணமான புதிதில், பாதி மாலைகள் எனக்கு அங்கேதான் கழிந்தன. காரணம் என் மாமனார்.

அவர் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர். பேச்சு குறைவு. சீமையிலிருந்து கப்பலில் கூடவே கொண்டுவந்த சைக்கிளை, முழங்கால் வலி வந்த பிறகு, ஒருநாள் பளபளவென்று துடைத்து எங்கள் வாசலில் நிறுத்திவிட்டுப் போனார். தன்னைவிட அந்த வண்டியைத்தான் அப்பா அதிகம் குளிப்பாட்டினார் என்பாள் என் மனைவி ரீத்தா.

அதன் பின்சக்கரம் நினைத்தபோதெல்லாம் இறுக்கிக்கொண்டது. கைப்பிரேக் முன்சக்கரத்துக்கு மட்டும்தான். பின்னது எங்கோ தொலைந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நான் கோட்டுச்சேரிப் பள்ளியில் பௌதிக வாத்தியார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் வாசலில், பூசை முடிந்து வந்த கூட்டத்தின் நடுவே, புவியீர்ப்பை நானே விழுந்து விளக்கினேன்.

பாய் முதலில் பெடல் அச்சின் இரும்புக் குண்டுகளை மண்ணெண்ணெயில் கழுவினார், கிரீஸ் வைத்தார். ஸ்டாண்டில் போட்டுப் பெடலைச் சுற்றினால் சக்கரம் சமர்த்தாகச் சுழன்றது. "வண்டியில ஒண்ணும் இல்லீங்க சார். நீங்க ஏறுனாத்தான் புடிச்சிக்குது" என்றார். கடையில் இருந்தவர்கள் என் உடம்பை மேலும் கீழும் பார்த்தார்கள்.

அப்பாவிடம் கேட்கட்டுமா என்றாள் ரீத்தா. கூடவே கூடாது என்றேன். பெண் வீட்டார் கொடுத்ததில் மாப்பிள்ளை குற்றம் சொல்வதா? கடைசியில் பாய் சக்கரத்தின் நடுக்குடத்தைப் பிரித்தார். உள்ளே அவர் பார்த்தே இராத சாமான்கள். திரும்பப் பூட்ட வரவில்லை. நம் ஊர்ச் சக்கரம் ஒன்றை மாட்டினோம். பழையது காயலான் கடைக்குப் போனது. வண்டி பறந்தது.

அந்த வாரமே மாமனார் வந்தார். சைக்கிளருகே குனிந்து பெடலைக் கையால் பின்னுக்குத் தள்ளினார். அது கரகரவென்று சும்மா சுற்றியது.

"பழைய சக்கரம் எங்க மாப்ளே?"

சொன்னேன்.

"பின்னால மிதிச்சா நிக்கும். அதாங்க அதுக்குப் பிரேக்கு."

ஏறுமுன் பெடலைப் பின்னுக்குத் தள்ளி மேலே கொண்டுவருவதும், உருளும்போது சும்மா பின்னுக்குச் சுற்றுவதும் நம் ஊர்க் கால்களின் பழக்கம். வண்டி என் கால் சொன்னபடிதான் நின்றிருக்கிறது.

"கோயில்ல நீங்க விழுந்தத பாத்தேன். மாப்பிள்ளைக்குப் போயி சைக்கிள் வுடச் சொல்லிக்குடுக்குறதான்னு வுட்டுட்டேன்."

காயலான் கடைக்கு ஓடினேன். இரும்பு லாரி ஏறிவிட்டிருந்தது. திரும்பி வந்தபோது மாமனார் காபியைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போயிருந்தார். அதன்பின் அவர் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் சைக்கிள் இருக்கும் பக்கம் பார்க்காமல் உள்ளே வந்துவிடுவார்.

அவரும் இல்லை, பாயின் கடையும் இல்லை. என் மருமகன் வந்து உட்கார்ந்த உடனேயே, "மாமா, நீங்க வாங்கிக்குடுத்த மிக்சி சுத்தவே மாட்டேங்குது" என்கிறார். அந்தக் காலத்து மாப்பிள்ளை மரியாதையெல்லாம் போச்சு என்று ரீத்தா குறைப்படுகிறாள். அது கொஞ்சம் முன்னாலேயே போயிருக்கலாம்.