சொக்கம்மாளின் நாலாவது குவியல்

"நீ சந்தைக்கு. நீ வூட்டுக்கு. நீ மாட்டுக்கு."

விடிந்ததும் விடியாததுமாகக் கத்தரிக்காய்க் குவியலுக்கு முன்னால் குந்திக்கொண்டு, சொக்கம்மாள் ஒவ்வொரு காய்க்கும் இப்படித்தான் வழி சொல்லி அனுப்புவாள். பளபளவென்று இருந்தால் உத்திரமேரூர்ச் சந்தைக்கு. கொஞ்சம் கோணல் என்றால் வீட்டுக்கு. புழு விழுந்தால் மாட்டுக்கு. மூன்றுக்கு மேல் குவியல் கிடையாது. ஒரு தரம் போட்டதை எடுத்து மாற்றிப் போடுகிற வழக்கமும் கிடையாது.

வயது நாற்பத்தெட்டு. ஒல்லி உடம்பு, ஓட்டமான நடை. ஆட்களையும் அவள் இப்படியே பிரித்துவிடுவாள். புதிதாக வந்த தபால்காரரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீ சந்தைக்குத்தான் நைனா லாயக்கு. வூட்ல வச்சிக்கினா பேசியே பேஜார் பண்ணுவ" என்றாள். அவரிடமேதான் சொன்னாள். அவரும் சிரித்துக்கொண்டே போனார்.

வழியில் ஒற்றைச் செருப்பு கிடந்தால்கூட நாலு வீட்டுக்கதவைத் தட்டி விசாரிப்பாள். "இன்னொருத்தர் பொருளு நம்மகிட்ட கீதுன்னா எனக்கு சோறு எறங்காதுக்கா" என்பாள், பக்கத்து வீட்டுக்காரியான என்னிடம். தனக்குச் சாமி கும்பிடத் தெரியாது என்றும் சொல்லிக்கொள்வாள். உத்திரமேரூர்ப் பெருமாள் சுந்தரவரதருக்கு இதுவும் கும்பிடுதான் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அவள் தம்பி ராஜாராமுக்கு மலேயா ரயில்வேயில் வேலை கிடைத்தது. பெண்டாட்டி எல்லம்மாளையும் கூட்டிக்கொண்டு மூன்று வருஷத்துக்கு முன்னால் கப்பல் ஏறினான். சாமான்களை வீட்டுக்குள் போட்டுப் பூட்டி, சாவியை அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனான். இந்தத் தை மாதம் கடிதம் வந்தது. அஞ்சாவது வரை படித்த நான்தான் வாசித்துச் சொன்னேன். வேலை நிரந்தரமாகிவிட்டதாம். அங்கே இருக்க ஒரே ஒரு அறையாம். 'எதையும் அனுப்பவேண்டாம். எல்லாவற்றையும் உன் மனசுப்படி வகை பண்ணிவிட்டு, வீட்டைப் புது வாத்தியாருக்கு வாடகைக்கு விட்டுவிடு' என்று எழுதியிருந்தான்.

மறுநாளே சொக்கம்மாள் பூட்டைத் திறந்துவிட்டாள். சைக்கிள் இல்லாத டைனமோ, பூட்டு இல்லாத சாவிக்கொத்து, துணி போன குடைக்கம்பி எல்லாம் வெளியே வந்தன. ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, "நீ இன்னா பண்ணிக்கினு கீற இங்க?" என்று அதட்டினாள். பெஞ்சு வீட்டுக்கு. சாவிக்கொத்தும் டைனமோவும் சந்தைக்கு. எலி கடித்த மெத்தை கன்றுக்குட்டி படுக்க. பகல் சாப்பாட்டுக்குள் அறை பாதி காலி.

கடைசியில் பித்தளைப் பாத்திரங்கள் வந்தன. ஒரு அண்டா, ஒரு தவலை, இரண்டு குடம், ஒரு தாம்பாளம். கழுத்தோரம் புள்ளிபுள்ளியாகப் பேர் வெட்டியிருந்தது. விரலால் தடவிப் பார்த்து, "இன்னாக்கா எய்திகீது?" என்றாள்.

"காவாந்தண்டலம் பச்சமுத்து."

எல்லம்மாளின் அப்பா பேர். கல்யாணத்தில் பெண்ணோடு வந்த சீர்.

சொக்கம்மாள் முதல் தடவையாகத் தயங்கினாள். "விக்கறதா? பேரோட சந்தையில வச்சா அவுருக்கு அசிங்கம். நான் வச்சிக்கினா, நாத்தனாரு அமுக்கிட்டான்னு பேச்சு வரும்." அப்படித்தான் நாலாவது குவியல் உண்டானது. "பேரு யாருதோ அவுங்களாண்டயே சேத்துடுவோம். நீ ரெண்டு குடத்த எடுக்கா."

எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

அவள் தலையில் அண்டா, அதற்குள் தவலையும் தாம்பாளமும். வெயிலில் மூன்று மைல் நடந்தோம். காவாந்தண்டலம் கிணற்றடியில் ஒருத்தி, "எல்லம்மா சீர் சாமானாட்டம் கீதே" என்றாள். "ஆமாம்மா, திருப்பிக் குடுக்க வந்தோம்" என்றாள் சொக்கம்மாள், வெகு பெருமையாக. அந்தப் பெண் தண்ணீர்க் குடத்தை அப்படியே வைத்துவிட்டுத் தெருவுக்குள் ஓடினாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கத்தில் சீர் சாமான் பெண் வீட்டுக்குத் திரும்பி வருகிறதென்றால் ஒரே அர்த்தம்தான்: பெண்ணை வேண்டாமென்று தீர்த்துவிட்டார்கள். 'பெருமாளே' என்று சொல்லிக்கொண்டேன். அதற்குள் வாசலுக்கு வந்துவிட்டோம்.

பச்சமுத்து சட்டை இல்லாமல் நின்றிருந்தார். அவர் சம்சாரம் முனியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

"என் பொண்ணு இன்னா தப்பு பண்ணா? அத மட்டும் சொல்லு சொக்கம்மா."

"தப்பா? மாமா, வூட்டக் காலி பண்ண சொல்லி தம்பி எய்தியிருந்தான். உங்க பேரு கீதேன்னு…"

"எங்க, கடுதாசிய காட்டு."

கடிதம் சொக்கம்மாள் வீட்டுக் கூரையில் செருகியிருந்தது. கூட்டம் சேர்ந்துவிட்டது. அதிலிருந்து வரதன் என்கிற பெரியவர் சொன்னார்: "கடலுக்கு அந்தாண்ட குந்திக்கினு பொண்ண வெட்டிவுடறான். பஞ்சாயத்துகூட இல்ல. நல்லா கீதுடா சம்பந்தம்."

"அப்படி ஒண்ணும் இல்லீங்க, கடிதத்தைப் படிச்சவளே நான்தான்" என்றேன். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ராத்திரிக்குள் இந்தப் பேச்சு பத்து ஊருக்குப் போய்விடும். அப்புறம் எத்தனை கடிதத்தைக் காட்டி என்ன?

சொக்கம்மாள் எல்லார் முகத்தையும் ஒரு தரம் பார்த்தாள். அண்டாவை இறக்கி வைத்தாள். யாரும் கூப்பிடாமலேயே உள்ளே போய், பின்பக்கம் கைகால் கழுவிக்கொண்டு, தட்டு ஒன்றை அவளே எடுத்துக்கொண்டு வந்தாள். தெருவுக்கு நன்றாகத் தெரிகிறமாதிரி வாசற்படிக்கு உள்புறம் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள்.

"அத்தே, பசி உயிரு போவுது. இன்னா கீதோ போடு."

சம்பந்தத்தைத் தீர்த்துக்கொள்ள வந்தவர்கள் அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் தொடமாட்டார்கள். இது அங்கே நின்ற சின்னப் பிள்ளைக்கும் தெரியும். முனியம்மாள் புருஷனைப் பார்த்தாள். எழுந்து போய்க் களி உருண்டை ஒன்றைக் கொண்டுவந்து வைத்துக் கீரைக் குழம்பை ஊற்றினாள்.

சொக்கம்மாள் அவசரப்படவில்லை. ஒவ்வொரு வாயாகத் தொட்டுத் தொட்டு விழுங்கினாள். தெருவே அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. வரதன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "பொழுது சாஞ்சிக்கினு கீது" என்று நகர்ந்தார். பச்சமுத்து மெதுவாக அவள் எதிரில் வந்து குந்தினார்.

சொக்கம்மாள் விரலை வழித்துவிட்டுக் காலித் தட்டை முனியம்மாளிடம் நீட்டினாள்.

"இன்னொரு உருண்டை வை அத்தே. கொழம்பு கொஞ்சம் தாராளமா ஊத்து."