பழனி லோடு பவானிக்குப் போன கதை

திண்டுக்கல்லில் இருபத்தெட்டு வருடம் செவித்திறனைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்டாக வேலை பார்த்தேன். நான் கையெழுத்துப் போட்ட ஒரு ரிப்போர்ட்டால் ஒருவருக்கு வேலை போகப் பார்த்தது.

செல்வராணி ரெட்டியார்சத்திரம் பக்கம் ஒரு நூல் மில்லின் கணக்கு அறையில் கிளார்க். மூளைக்காய்ச்சலில் இரண்டு காதும் போய், ஆபரேஷன் செய்து காக்ளியர் இம்ப்ளான்ட் என்ற கேட்கும் கருவி வைத்து, ஆறு மாதம் என்னிடம் பயிற்சிக்கு வந்தார். கடைசி டெஸ்டில், சத்தம் புகாத அறையில், ஒரு கை தூரத்தில் உட்கார்ந்து நான் சொன்ன இருபத்தைந்து சொல்லில் இருபத்திமூன்றைத் திருப்பிச் சொன்னார். பூரிப்பில், ‘பேச்சை நன்றாகப் புரிந்துகொள்கிறார்’ என்று எழுதிக் கொடுத்தேன்.

மில் மேனேஜர் அதை லேமினேட் செய்தார். செல்வராணிக்குச் சால்வை போர்த்தி போட்டோ எடுத்துக்கொண்டார். மறுநாளே ஸ்பின்னிங் மெஷின்களை ஒட்டியிருந்த போனில், எந்த லோடு எந்த ஊருக்கு என்று கேட்டு எழுத அவரை உட்கார வைத்தார். முன்பு அங்கே இருந்தவர், சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்று மாற்றல் வாங்கிப் போயிருந்தார். அவருக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கும்.

இரண்டாவது வாரம் யாரோ போனில் ‘பழனி’ என்றது செல்வராணிக்கு ‘பவானி’ என்று கேட்டது. ஒரு லாரி நூல் பவானிக்குப் போய்விட்டது. ‘முழுச் செவித்திறன் இருந்தும் அலட்சியம்’ என்று மெமோ வந்தது. மூன்று நாளில் பதில் தராவிட்டால் வேலை நீக்கம்.

மெமோவோடு வந்த செல்வராணி அழவில்லை. “உங்க ரூம்ல கேட்டது அங்க கேக்கல மேடம். எல்லாம் ஒரே இரைச்சலா வருது,” என்றார்.

மில்லுக்குப் போனேன். மேனேஜர் லேமினேட் செய்த காகிதத்தை என் முன் வைத்தார். “நல்லா புரியுதுன்னு நீங்கதான மேடம் எழுதுனீங்க? இப்ப புரியலைன்னா மிஷின் கோளாறா, ஆள் கோளாறா?”

எழுதியதில்தான் கோளாறு என்றேன். அமைதியான அறையில் ஒருவர் எதிரே உட்கார்ந்து பேசுவது வேறு, இரைச்சலில் போனில் கேட்பது வேறு என்று விளக்கினேன். அவர் செல்போனைப் பார்த்தபடி தலையாட்டினார். அவரையும் செல்வராணியையும் அந்தப் போன் இருக்கும் இடத்துக்கே அழைத்துப்போய், அதே இருபத்தைந்து சொல்லைப் படித்தேன். மேனேஜர் திருப்பிச் சொன்னதில் பதினொன்றுதான் சரி. செல்வராணி நான்கு.

“எனக்குக் கேக்காதது சத்தத்துனால மேடம்,” என்றார் மேனேஜர்.

மனிதாபிமான அடிப்படையில் மெமோவை ரத்து செய்வதாகச் சொன்னார். செல்வராணி குறுக்கிட்டார். “மனிதாபிமானம்லாம் வேணாம் சார். ஊர் பேரை வாட்ஸ்அப்புல அனுப்பச் சொல்லுங்க. எங்கிட்ட பேசுறவங்க என் மூஞ்சியப் பாத்துப் பேசட்டும். அம்புட்டுத்தான்.”

அப்படியே நடந்தது. அவர் மறுபடி கணக்கு அறைக்குப் போனார். அதன்பின் ஒரு லோடும் தடம் மாறவில்லை. அந்த ஏற்பாட்டுக்கு மேனேஜர் ஹெட் ஆபீஸில் பாராட்டு வாங்கினார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். எத்தனை சொல் புரிந்தது என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த அறையில், எவ்வளவு தூரத்தில், எவ்வளவு சத்தத்தில் என்றும் எழுதுங்கள். நான் அரை நிமிஷத்தில் எழுதிய ஒற்றை வரிக்கு, விளக்கம் கேட்டு மெமோ வந்தது செல்வராணிக்குத்தான்.