நைனா சாட்சி சொன்ன நாள்

உங்கள் அத்தை ஏன் வலது கையைத் தோளுக்கு மேல் தூக்குவதில்லை என்று நீங்கள் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். "பொறந்ததுலேர்ந்தே அப்படித்தான்" என்று இதுவரை சொல்லிச் சமாளித்துவிட்டேன். அது பொய் இல்லை. ஆனால் முழுசும் இல்லை. மீதியை இப்போது எழுதுகிறேன். பத்தாவதுக்கு மேல் படிக்காதவன் நான். பிழை இருந்தால் திருத்திக்கொண்டு படியுங்கள்.

அப்போது நாங்கள் கே.ஜி.கண்டிகையில் இருந்தோம். நைனா, அதாவது உங்கள் தாத்தா, அங்கிருந்து திருத்தணிக்கு ஷேர் ஆட்டோ ஓட்டினார். வலி எடுத்த பெண்களை அவர் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிடும் தனியார் ஆஸ்பத்திரி ஒன்று திருத்தணியில் இருந்தது. பெயர் வேண்டாம், இப்போது அது இல்லை. அங்கே இருந்த டாக்டரம்மா நைனாவைப் பார்த்தால், "இன்னாப்பா, இன்னிக்கு யாரைக் கூட்டிக்கினு வந்துருக்கே?" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பை நைனா சொத்துபோல நினைத்திருந்தார். அதனால் எங்கள் அம்மாவுக்குப் பிரசவம் என்றபோது வேறு ஆஸ்பத்திரியைப் பற்றி யாரும் யோசிக்கக்கூட இல்லை.

தங்கச்சி பிறந்தாள். தொட்டிலில் நான் எட்டிப் பார்த்தபோது காலை உதைத்து அழுதுகொண்டிருந்தாள். இடது கை காற்றில் அடித்துக்கொண்டது. வலது கை மட்டும் தனியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. நான் அதை எடுத்து மேலே விட்டேன். தொப்பென்று விழுந்தது.

"கை கொஞ்சம் அசதியா இருக்கு. எண்ணெய் தேய்ச்சு உருவி விடுங்க, சரியாயிடும்" என்றார்கள் ஆஸ்பத்திரியில். அம்மா தினமும் உருவினாள். கை சரியாகவில்லை. தங்கச்சி குப்புறக் கவிழும் வயதில் ஒரு பக்கமாகவே உருண்டாள்.

கடைசியில் சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு டாக்டர், பிறக்கும்போது பிடித்து இழுத்ததில் கழுத்திலிருந்து கைக்குப் போகிற நரம்பு சேதமாகியிருக்கிறது, முதல் மாதங்களிலேயே வந்திருந்தால் இன்னும் நிறையச் செய்திருக்கலாம் என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு ரயிலில் திரும்பி வரும்போதுதான் அம்மா வாயைத் திறந்தாள். குழந்தையின் தோள் மாட்டிக்கொண்டபோது டாக்டரம்மா அங்கே இல்லை. ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அவருக்குப் போன் போட்டுக்கொண்டே அங்கே இருந்த இரண்டு நர்ஸுகளும் குழந்தையை இழுத்தார்கள்.

"இதை ஏம்மே இத்தினி நாளா சொல்லல?" என்றார் நைனா.

"நீங்கதான் ஊரெல்லாம் அவங்களைப் புகழ்ந்துகினு இருந்தீங்களே. நான் எங்க சொல்றது?"

மணவூர் தாண்டி அரக்கோணம் வரும்வரை நைனா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

நைனாவின் ஆட்டோவை ரிப்பேர் பார்க்கும் அரக்கோணம் பாய்தான் தன் சொந்தக்காரரான ஒரு வக்கீலிடம் அனுப்பினார். வக்கீல் சார் எல்லாவற்றையும் கேட்டார். திருவள்ளூர் நுகர்வோர் கோர்ட்டில் வழக்குப் போடலாம் என்றார். ஆனால் ஒரு சிக்கல். "டாக்டரம்மா பக்கத்துல இருந்துதான் பிரசவம் பார்த்தாங்கன்னு அவங்க எழுதி வெச்சிருப்பாங்க. இல்லைன்னு சொல்றது யாரு? நர்ஸுங்க சொல்ல மாட்டாங்க. உங்க வீட்டம்மா மட்டும் சொன்னா, வலியில இருந்தவங்களுக்கு என்ன தெரியும்னு கேப்பாங்க."

அம்மாவின் தம்பி, என் மாமா, அந்தப் பேச்சைக் கேட்டதும் நைனாவிடம் குதித்தார். அவருக்கு ஊரில் எல்லாப் பெரிய மனிதர்களோடும் பழக்கம். "பாவா, கோர்ட்டுக்குப் போனா பாப்பாவுக்குக் கல்யாண வயசு வந்துடும். நம்ம கிட்ட முருகன் இருக்காரு. டாக்டரம்மாவை மலைக்கு வரச் சொல்லி சத்தியம் கேட்போம்."

எங்கள் பக்கத்து வழக்கம் அது. வாய்க்கால் தகராறானாலும் ஆடு காணாமல் போனாலும் மலைக்குப் போவார்கள். சந்தேகத்துக்கு ஆளானவர், எரிகிற கற்பூரத்துக்கு முன்னால் நின்று, சொல்ல வேண்டியதைச் சொல்லி, உள்ளங்கையால் அதை அணைப்பார். கேட்டவர் திருநீறு எடுத்துப் பூசிக்கொள்வார். அதோடு பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு வாயைத் திறக்கிறவன் சாமியையே சந்தேகப்படுகிறவன்.

படித்த டாக்டர் இதற்கெல்லாம் வருவாரா என்று நைனா நினைத்தார். வந்தார். கை விஷயம் ஊரில் பரவி, ஆஸ்பத்திரியில் வெள்ளிக்கிழமைக் கூட்டமே குறைந்துபோயிருந்ததாம். அதுமட்டுமில்லை, அவர் கிருத்திகை தவறாமல் மலை ஏறுகிற மனுஷி.

கோயிலுக்கு வெளியே, கூட்டம் இல்லாத ஓர் ஓரமாக நின்றோம். மாமா தரையில் கற்பூரத்தை ஏற்றினார். டாக்டரம்மா நெருப்பையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு, "முருகன் சாட்சியா சொல்றேன். என் கை இந்தக் குழந்தை மேல படவே இல்ல" என்று சொல்லி, குனிந்து அணைத்தார்.

"அவ்ளோதான்! தீந்துச்சு!" என்றார் மாமா. நைனா கண்ணை மூடித் திருநீறு பூசிக்கொண்டார். திருநீற்றுத் தட்டு அம்மாவிடம் வந்தது. அம்மா தங்கச்சியை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டாள்.

"கை காலியா இல்ல" என்றாள்.

"நான் பூசி உடறேன்க்கா" என்றார் மாமா.

"வேணாம்." பிறகு டாக்டரம்மாவைப் பார்த்து, கோபமே இல்லாமல் சொன்னாள்: "நீங்க சொன்னது நெசம்தாம்மா. உங்க கை படல. நானும் அதைத்தான் சொல்லிக்கினு இருக்கேன்."

டாக்டரம்மா விடுவிடென்று படி இறங்கிப் போய்விட்டார். மாமாவுக்கு அம்மா சொன்னது புரிவதற்கே நேரமாயிற்று. புரிந்ததும், "அக்கா, நீ சாமி குத்தம் ஆவுற மாதிரி பேசாத" என்றார்.

அம்மா சொன்னதைக் கேட்டு வக்கீல் சார் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "கை படலன்னா, பிரசவத்தப்போ அங்க இல்லன்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்க!" என்றார். "இதை எத்தினி பேர் கேட்டீங்க?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அம்மா பெயரில் வழக்குப் போட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து பதில் வந்தது. வக்கீல் சார் எதிர்பார்த்தபடியே, பிரசவம் முழுக்க டாக்டர் பக்கத்திலேயே இருந்ததாகச் சொன்னார்கள். கற்பூரத்துக்கு முன்னால் வராத பொய், காகிதத்தில் சுலபமாக வந்துவிட்டது.

இப்போது மலையில் கேட்டதை யாராவது கோர்ட்டில் சொல்ல வேண்டும். மாமா கை விரித்துவிட்டார். "நான் வரலக்கா. நாளைக்கு ஒருத்தன் என்னை நம்பி மலைக்கு வருவானா?" மிச்சம் இருந்தவர் நைனா ஒருவர்தான். அவர் திருநீறு பூசியவர். இனி பேச மாட்டேன் என்று சாமிக்கு வாக்குக் கொடுத்தவர்.

வீட்டில் பல நாள் சண்டை கூட இல்லை. சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நைனா சோறு தின்பார், ஆட்டோவை எடுப்பார், போவார். ஒருநாள் அம்மா மட்டும், "உங்களை நான் வற்புறுத்தல. பாப்பா பெரியவளாகி கேட்டா நீங்களே பதில் சொல்லிக்குங்க" என்றாள். நானோ நைனா பக்கம். அம்மா சாமியை எதிர்க்கிறாள் என்று எனக்கு நடுக்கம். காலையில் எழுந்ததும் தங்கச்சியின் இடது கையைத் தூக்கிப் பார்ப்பேன். சாமி கோபத்தில் அதையும் எடுத்துக்கொண்டுவிட்டதா என்று. அவள் என் மூக்கைப் பிடித்து இழுத்த பிறகுதான் எனக்கு மூச்சு வரும்.

விசாரணை நாளன்று நைனா சட்டை போட்டுக்கொண்டு எங்களுக்கு முன்னால் ஸ்டேஷனில் நின்றார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை.

திருவள்ளூரில் அந்த அறை எங்கள் பள்ளிக்கூட வகுப்பைவிடக் கொஞ்சம்தான் பெரியது. பின் பெஞ்சில் தங்கச்சியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டாக்டரம்மா முன் வரிசையில் இருந்தார். நைனா எழுந்து, மலையில் கேட்ட வார்த்தைகளை அப்படியே சொன்னார். குரல் எங்களுக்கே சரியாகக் கேட்கவில்லை. சத்தமாகச் சொல்லச் சொன்னார்கள். மறுபடி சொன்னார்.

ஆஸ்பத்திரி வக்கீல் எழுந்தார். அவரும் எங்கள் பக்கத்துக்காரராக இருக்க வேண்டும்.

"நீங்க திருநீறு பூசிக்கினீங்களா இல்லையா?"

"ஆங். பூசினேங்க."

"சாமி முன்னாடி முடிஞ்சுபோனதை இங்க வந்து பேசறது தப்புன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியுங்க."

"தெரிஞ்சுமா வந்தீங்க?"

நைனா திரும்பி எங்கள் பெஞ்சைப் பார்த்தார். அவ்வளவு பேர் நடுவில் அவர் கண் கலங்கியதை அன்றுதான் பார்த்தேன்.

"பாப்பாவால கையத் தூக்க முடியலீங்க" என்றார்.

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். டாக்டரம்மா தலை குனிந்து தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை நைனா தனியாக மலைக்குப் போனார். திரும்பி வரும்போது தலை மொட்டை, சந்தனம் பூசியிருந்தார். எனக்குத் தெரிந்து, நினைத்த காரியம் பலித்தவர்கள்தான் மொட்டை போடுவார்கள். எனக்கோ தலைகால் புரியவில்லை. "கேஸு ஜெயிச்சிட்டோம்! எங்க நைனா மொட்டை போட்டுக்கினாரு!" என்று தெரு முழுக்கக் கத்திக்கொண்டு ஓடினேன். டீக்கடையில் இருந்தவர்கள் கூப்பிட்டு எனக்கு பிஸ்கட் கொடுத்தார்கள்.

திரும்பி வந்து, "ஜெயிச்சிட்டோம்தானேம்மா?" என்று கேட்டேன். அம்மா நைனாவின் தலையில் காய்ந்த சந்தனத்தை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆங், ஜெயிச்சிட்டோம்" என்றாள்.

உண்மையில் தீர்ப்பு வர இன்னும் சில வருஷம் ஆயிற்று. ஆஸ்பத்திரிமேல் தப்பு என்று எழுதினார்கள். அதில் கிடைத்ததை வைத்துத்தான் உங்கள் அத்தைக்கு ஆபரேஷன் நடந்தது. கை தோள் வரைக்கும் வந்தது, அதற்கு மேல் வரவில்லை. அந்தத் தீர்ப்பு வந்த அன்று நைனா மலைக்குப் போகவில்லை, வழக்கம்போல ஆட்டோ ஓட்டப் போனார். ஜெயித்த நாளில் போகாத மனுஷன் சாட்சி சொன்ன மறுநாள் ஏன் போனார் என்று நான் அவரைக் கேட்கவே இல்லை. நன்றி சொல்வதற்கு மட்டுமில்லை, மன்னிப்புக் கேட்பதற்கும் மனிதர்கள் முடியைக் கொடுப்பார்கள் என்று, பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் மொட்டையைத் தடவிச் சிரித்துக்கொண்டிருந்த எனக்கு அப்போது தெரியாது.