வர்றவங்க பாக்கட்டும்

ஷிப்ட் முடிந்து கம்பெனி கேட்டுக்கு வெளியே வந்தேன். பாகலூர் முனியப்பா நின்றிருந்தார். அந்த நேரத்தில் ரோஜாத் தோட்டத்தை விட்டு நகராத மனிதர். "பாய் போயிட்டாருங்க" என்றார்.

மோட்டார் காயில் கட்டும் கரீம் பாயை உங்களில் பலருக்குத் தெரியும். தென்பெண்ணையில் ஆலைக்கழிவு நுரை கூடக்கூட, அரித்துப்போன பம்புகள் அவர் கடையில் குவிந்தன. வேறொருவராக இருந்தால் கடையைப் பெரிதாக்கியிருப்பார். இவர் எங்களைக் கூட்டிவைத்து 'பெண்ணையாற்று நீர்ப்பிடிப்புப் பகுதிப் பாதுகாப்புக் குழு' ஆரம்பித்தார். ஆள்பலத்தைவிடப் பெயர் நீளம் என்று அவரே சிரித்தார். தோட்டக்காரர்களிடம் அவர் பேசுவது தெலுங்கு, எல்லை தாண்டினால் கன்னடம், என் விருதுநகர்ப் பேச்சைக் கிண்டல் செய்ய மட்டும் தமிழ்.

குழுவில் பாதிப்பேர் என்னைப் போல ஆலைத் தொழிலாளிகள். கம்பெனியை மூடிவிட்டால் எங்கள் கதி என்ன என்று ஒருநாள் கேட்டேன். "மூடச் சொல்லலியே. கழிவுத் தண்ணியச் சுத்தம் பண்ணி விடுங்கன்றோம். அதுக்கே உங்களுக்குப் பயம்னா, முதலாளிங்களுக்கு எவ்ளோ தைரியம் இருக்கும்?" என்றார். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அலைந்து அலைந்து, ஒருவழியாக அதிகாரிகள் ஆற்றைப் பார்க்க வரச் சம்மதித்தார்கள். அங்கேதான் காரியம் கெட்டது. பெரிய மனிதர்கள் வருகிறார்களே என்று ஊரார் கரையைக் கூட்டிப் பெருக்கி, செத்த மீன்களை வாரிப் புதைத்து, பிளீச்சிங் பவுடர் தூவி, பந்தலும் போட்டுவிட்டார்கள். விருந்தாளியை நாற்றத்தில் நிறுத்த யாருக்கும் மனம் வரவில்லை. ஆலைக் குழாய்களும் அன்று நல்ல பிள்ளைகளாக வாயை மூடிக்கொண்டன. வந்தவர்கள் இளநீர் குடித்தார்கள், ஆறு பரவாயில்லையே என்றார்கள், போய்விட்டார்கள்.

பாய் யாரையும் திட்டவில்லை. "டாக்டர் வர்ற நேரத்துல நோயாளிக்குப் பவுடர் பூசி உக்கார வெச்சிட்டோம். இனிமே எதையும் மறைக்காதீங்க. வர்றவங்க பாக்கட்டும்" என்றார். ஆனால் அதன்பிறகு யாரும் வரவில்லை. ஆறு நன்றாக இருப்பதாக அவர்களே பார்த்துவிட்டார்களே. குழு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. கடைசியில் பெயர்ப்பலகையும் பாயும்தான் மிச்சம்.

அவர் சிறுநீரகம் பழுதாகிப் படுத்தபோது, எல்லாம் அந்தத் தண்ணீரால்தான் என்று நான் கொதித்தேன். "என் வியாதிய ஆத்து மேல போடாதீங்க. நிரூபிக்க முடியாததச் சொன்னா, நிரூபிச்சதையும் நம்ப மாட்டாங்க" என்று தடுத்தார்.

அவர் வீடு ஆற்றுக்குப் பக்கம். மய்யித்தாக அவர் உடலைக் கிடத்தியிருந்த அன்று காற்று அங்கிருந்துதான் அடித்தது. துக்கத்துக்கு வருகிறவர்கள் முகம் சுளிக்கக் கூடாதென்று உறவினர்கள் சன்னல்களைச் சாத்தி, கட்டுக் கட்டாக ஊதுபத்தி கொளுத்தினார்கள். உள்ளறையிலிருந்து அவர் மனைவி ஜமீலா அக்காவின் குரல் வந்தது. "அதையெல்லாம் அணைச்சிடுங்க. சன்னலத் தெறங்க. வர்றவங்க பாக்கட்டும்."

திறந்தார்கள். நாற்றம் உள்ளே வந்து வீட்டை நிறைத்தது. குழுவை விட்டு விலகியவர்கள் எல்லாரும் அங்கே இருந்தோம். ஒருவரும் மூக்கைப் பொத்தவில்லை. முனியப்பா வாய்விட்டு அழுதார்.

மூக்கண்டப்பள்ளியில் எங்கள் வீட்டுக்கு ஊரிலிருந்து யாராவது வந்தால், காற்று அந்தப் பக்கமிருந்து அடிக்கும் நாளில் என் மனைவி சன்னலைச் சாத்தப் போவாள். வேண்டாம் என்று தடுக்கிறேன். பாயிடமிருந்து எனக்கு மிஞ்சியது இவ்வளவுதான். இது என்ன நாற்றம் என்று வந்தவர்கள் கேட்கிறார்கள். எங்கள் ஆறு என்று சொல்கிறேன்.