ஊருக்குச் சொந்தமான நெற்றி

பேருந்து கிளம்புவதற்கு முன் யேரே வூகுஷின் எழுந்து ஒவ்வொரு ஜன்னலாக, மூடியிருக்கிறதா என்று இழுத்துப் பார்க்கிறார். வெளியே மே மாத வெயிலில் தார் இளகுகிறது. உள்ளே சக ஆட்டக்காரர்கள் அவித்த கிழங்குபோல் ஆவி பறக்க உட்கார்ந்திருக்கிறார்கள். யாரும் முணுமுணுப்பதில்லை. எதிரெதிரே இரண்டு ஜன்னல்கள் திறந்திருந்தால் குறுக்குக்காற்று புகும். அது புகுந்தால் கழுத்து பிடிக்கும், காது அடைக்கும், வாய் ஒரு பக்கமாகக் கோணும். அட்ரியாட்டிக் கடற்கரையில் பிறந்தவர்களுக்கு இதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தர வேண்டியதில்லை. போன வருடம் வந்த டச்சுக்காரப் பயிற்சியாளர் மட்டும் காற்றோட்டம் உடம்புக்கு நல்லது என்று வாதாடி ஜன்னல்களைத் திறந்து வைத்தார். அணி அடுத்தடுத்துத் தோற்றது. குளிர்காலம் முடிவதற்குள் அவரை ஊருக்கு அனுப்பிவைத்தார்கள். தோல்விக்கு என்ன காரணம் என்று நிருபர் கேட்டபோது அணித்தலைவர் யேரே யோசிக்காமல் பதில் சொன்னார்: "ஜன்னல்."

வயது முப்பத்தாறு. ஷிபெனிக்குக்கும் ஸ்பிளிட்டுக்கும் நடுவே, படகுகளைவிடக் காப்பிக்கடைகள் அதிகமாக இருக்கும் துறைமுக ஊரின் கால்பந்துக் கழகத்தில் நடுத் தடுப்பாட்டக்காரர். ஆணி வைத்த காலணி முகத்துக்கு நேராக வந்தாலும் கண் சிமிட்டாதவர் என்று பெயர். அதே மனிதர் குளித்த ஈரத் தலையோடு வாசற்படி தாண்டமாட்டார். வெறுங்காலோடு சமையலறைத் தளத்தில் நடக்கமாட்டார். கல் பெஞ்சில் உட்காரச் சொன்னால், சிறுநீர்ப்பையை நினைத்து அடியில் செய்தித்தாளை விரிப்பார், அதிலும் விளையாட்டுப் பக்கத்தை விட்டுவிட்டு.

ஆனால் அவருடைய நெற்றிதான் அவருடைய தொழில். அகலமானது, சற்றே முன்தள்ளியது, இடது புருவத்தை இரண்டாகப் பிளக்கும் தழும்பு கொண்டது. சிறுவயதில் அவருக்குப் பந்து சொல்லிக்கொடுத்தவர் எளிய தத்துவம் உள்ளவர். "தலை எதுக்குடா இருக்கு? முட்டத்தான். யோசிக்கறதுக்கு நான் இருக்கேன்." யேரே அதை அப்படியே ஏற்றுக்கொண்டார். பத்தொன்பது வயதில் அந்த நெற்றியை ஓர் இத்தாலிய இரண்டாம் பிரிவுக் கழகம் வாங்கியது. பிறகு உக்ரைனுக்கு விற்றது. அங்கிருந்து துருக்கி, துருக்கியிலிருந்து சைப்ரஸ். போன இடத்திலெல்லாம் மொழி மாறியது, சாப்பாடு மாறியது. வானத்திலிருந்து விழும் பந்து மட்டும் மாறவில்லை. தேசிய அணிக்கும் ஒருமுறை அழைத்தார்கள். இரண்டாம் பாதி முழுவதும் கோட்டோரத்தில் ஓடி ஓடி உடம்பைச் சூடேற்றினார், உள்ளே விடவில்லை. நாட்டுக்காக அவர் ஓடிய தூரம் முழுவதும் கோட்டுக்கு வெளியேதான். அழுக்குப் படியாத அந்தச் சட்டை இன்று வரவேற்பறையில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. குறுக்குக்காற்று படாத சுவரில்.

மனைவி நீவெஸ் துறைமுகத்து மருந்துக்கடையில் வேலை பார்க்கிறார். ஊரில் யாருக்கு எங்கே வலி என்பது பாதிரியாருக்கு முன் அவருக்குத் தெரியும். வீட்டில் நடப்பதைத் தெரிந்துகொள்ளத்தான் அவருக்குக் கொஞ்ச காலம் பிடித்தது.

முதலில் சின்னச் சின்னதாக வந்தது. யேரே தண்ணீர் ஊற்றாமல் காப்பிப் பாத்திரத்தை அடுப்பில் வைத்தார். கோல்கீப்பர் லோவ்ரேயை, துருக்கியில் தன்னோடு ஆடிய யாரோ ஒருவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பயிற்சிக்குப் போனவர் காலணியை மறந்து, அதற்குப் பதில் துணி உலர்த்தும் கவ்விகள் இருந்த பையை எடுத்துப் போனார். ஊர் இதற்கெல்லாம் கைவசம் ஒரு விளக்கம் வைத்திருந்தது. தெற்குக்காற்று. அது அடிக்கத் தொடங்கினால் கடல் சாம்பலாகும், சுவர் வியர்க்கும், மனிதருக்குத் தலை கனக்கும். அந்தக் காற்றில் எடுத்த முடிவை யாரும் முடிவாகவே கருதுவதில்லை. நாவிதர் சொன்னார், "தெற்குக்காத்துல நான் ஒருத்தருக்குப் பாதி மீசையை எடுத்துட்டேன்." கழகத்து மருத்துவர் யேரேயின் முதுகில் தட்டினார். "இந்தக் காத்துல எனக்கே என் பொண்டாட்டி பேர் ஞாபகம் வரல, கேப்டன். வராததும் நல்லதுதான்." மருந்துக்கடைக்கு வந்த அம்மாள் ஒருவர் நீவெஸிடம் குரலைத் தாழ்த்தி, "ராத்திரி ஜன்னல் திறந்திருந்துச்சா?" என்று துக்கம் விசாரிப்பதுபோல் கேட்டார்.

நீவெஸும் நம்பத்தான் பார்த்தார். காற்று என்றால் ஒருநாள் நின்றுவிடும் அல்லவா.

பிறகு ஒரு பிற்பகலில் யேரே காரிலிருந்து தொலைபேசியில் அழைத்தார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "வீட்டுக்கு ஏதாவது வாங்கணுமா?"

"வேண்டாம். எங்க இருக்க?"

"இங்கதான். வந்துக்கிட்டிருக்கேன்." ஆனால் வண்டி திரும்பும்போது போடும் விளக்கின் டிக்டிக் சத்தம் நிற்கவே இல்லை. நீவெஸ் காதை அழுத்திக்கொண்டு கேட்டார். ஊர் முகப்பிலிருக்கும் வட்டச் சந்திப்பை யேரே சுற்றிக்கொண்டிருக்கிறார். எந்தப் பிரிவில் இறங்கினால் வீடு என்று தெரியவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை.

"ரொட்டி வாங்கிட்டு வா," என்றார் நீவெஸ். "பெட்ரோல் பங்க் பக்கத்துல இருக்கற கடையில. அதுலேர்ந்து நேரா கீழ இறங்குனா நம்ம தெரு."

"தெரியாதா எனக்கு," என்றார் யேரே. டிக்டிக் நின்றது. ரொட்டியோடு வந்து சேர்ந்தார். அன்று அடித்தது வடகாற்று. வானம் கண்ணாடிபோல் தெளிந்திருந்தது.

அதற்கப்புறம் நீவெஸுக்கு ஆட்டம் பார்ப்பதே வேறு காரியமாகிவிட்டது. முன்பெல்லாம் கணவர் எதிரியின் காலில் இடறுவாரோ என்று பயப்படுவார். இப்போது பந்து உயரே எழும்பினாலே பயம். எழும்பிய பந்து எதுவானாலும் எங்கே இறங்கும் என்பது அவருக்குத் தெரியும். இறங்கும் ஒவ்வொரு தடவையும் ரசிகர்கள் கை தட்டுவார்கள். நெற்றியின் வெளிப்பக்கத்தில் ஊருக்கு அவ்வளவு உரிமை. உட்பக்கத்தைப் பற்றி யாரும் ஒப்பந்தம் போடவில்லை.

ஒப்பந்தம் என்றதும் ஷியோர் புரோஸ்பெரைச் சொல்லவேண்டும். கழகத்தின் இயக்குநர், மீன் பதனிடும் ஆலைக்குச் சொந்தக்காரர். வயதாலும் ஆலையாலும் ஊரில் எல்லோரும் அவர் பெயருக்கு முன்னால் மரியாதைக்கு ஷியோர் சேர்த்துத்தான் சொல்வார்கள். அடுத்த வருடம் யார் இருப்பார்கள், யார் போவார்கள் என்று அவர் வாய் திறந்து பேசியதே இல்லை. பேசினால் கெட்டுவிடும் என்பது அவர் கட்சி. பருவத்தின் கடைசி ஆட்டம் முடிந்து, அணியினர் ஓர் உணவகத்தின் திராட்சைப் பந்தலுக்கடியில் கூடும்போது, அன்றைய பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு எழுவார். யாரை வைத்துக்கொள்ள விருப்பமோ அவரை நோக்கி வீசுவார். அந்த ஆட்டக்காரர் உட்கார்ந்த இடத்திலிருந்தே அதை முட்டித் திருப்பினால் பேச்சு முடிந்தது. காகிதமெல்லாம் மறுநாள் வக்கீல்கள் பாடு. பந்து வராதவர்கள் மீனைச் சாப்பிட்டு முடித்துவிட்டுப் போய்ப் பெட்டி கட்டலாம்.

கடைசி ஆட்டத்துக்கு முந்தின நாள் மதியம் நீவெஸ் சமையலறையில் கீரையும் உருளைக்கிழங்கும் வேகவைத்துக்கொண்டே பேச்சை எடுத்தார். "ஸ்பிளிட்ல டாக்டரப் பாக்க நேரம் வாங்கியிருக்கேன்."

"எதுக்கு? கழுத்துக்கா?"

"கழுத்துக்கு மேல."

யேரே மேசைவிரிப்பின் மடிப்பை நீவினார். "தெற்குக்காத்து நின்னா சரியாயிடும்."

"ரொட்டி வாங்கிட்டு வந்தியே, அன்னிக்கு அடிச்சது வடகாத்து."

யேரே அதே மடிப்பை இன்னொரு தடவை நீவினார். பிறகு, "டாக்டர் ஏதாவது சொல்லிட்டாருன்னா?" என்றார், கைவிரலைப் பார்த்துக்கொண்டே.

"சொல்லலேன்னா இல்லேன்னு ஆயிடுமா?"

"இன்னும் ஒரே ஒரு வருஷம், நீவெஸ். பந்து முட்டறத விட்டா எனக்கு என்ன தெரியும்? மீன் ஆலையில நின்னு தலை வெட்டவா?"

"வெட்டு. மீனோட தலைதான." நீவெஸ் கரண்டியைக் கீழே வைத்தார். "ஷியோர் புரோஸ்பெர் நாளைக்குப் பந்த உன் பக்கம் வீசினா, முட்டாத."

"வீசாமப் போயிட்டா?"

"யேரே. ஒரு வருஷம் கழிச்சு என் பேரு என்னன்னு யார்ட்ட போயிக் கேப்ப?"

அவர் எழுந்து போய், ஏற்கெனவே மூடியிருந்த ஜன்னலை இன்னொரு தடவை அழுத்தி மூடினார்.

மறுநாள் தெற்குக்காற்று முழுப் பலத்தோடு வந்தது. சமன் செய்தால் போதும், ஊர் முதல் பிரிவில் தங்கும். முதல் பாதி கோலும் காயமும் இல்லாமல் கழிந்தது. இடைவேளை முடிந்து அணிகள் பக்கம் மாறித் திரும்பின. யேரே துள்ளி ஓடி வந்தார், சட்டையைச் சரிசெய்தார், எதிரணியின் கோலுக்கு முன்னால் போய்க் கால்களை அகட்டிக் காவலுக்கு நின்றார்.

அரங்கம் ஒரு கணம் பார்த்தது. பிறகு வெடித்துச் சிரித்தது.

"முப்பத்தாறு வயசுல கோல் அடிக்க ஆசை வந்துடுச்சு மனுசனுக்கு."

"அந்தக் கழகத்துல வேலை கேக்கப் போயிருக்காருப்பா."

"தெற்குக்காத்துய்யா, வேற என்ன."

எதிரணியின் கோல்கீப்பர் மரியாதை தெரிந்த இளைஞன். "அண்ணே, உங்க வீடு அந்தப் பக்கம்," என்று கையைக் காட்டினான். யேரே திரும்பிப் பார்த்தார். சிரிக்கும் ஊரில் சிரிக்காமல் இருந்த ஒரே ஆள் நீவெஸ். அதனால் அந்த முகத்தை அவர் மட்டும்தான் முழுதாகப் பார்த்தார். இறங்கவேண்டிய நிறுத்தம் எப்போதோ போய்விட்டது என்று அறிந்துகொண்ட பயணியின் முகம். மறுகணம் அது சிரித்தது. யேரே கையை உயர்த்தி அரங்கத்துக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு, நகைச்சுவை நடிகர்போலக் குதித்தோடித் தன் இடத்துக்கு வந்தார். ஊர் எழுந்து நின்று கை தட்டியது. நீவெஸுக்கு முன்வரிசையில் இருந்த ஆள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்த மாதிரி ஒரு ஆள் இனிமே பொறக்கமாட்டான்," என்றார்.

ஆட்டம் முடியும் தறுவாயில் எதிரணிக்குக் கார்னர் கிடைத்தது. காற்று பந்தை வளைத்து உள்ளே கொண்டுவந்தது. லோவ்ரே வெளியே பாய்ந்து தவறவிட்டான். கோல் வாய் திறந்து கிடந்தது. யேரேவுக்கு எது எந்தப் பக்கம் என்ற சந்தேகமெல்லாம் இல்லை. கழுத்து இறுகியது, உடம்பு எழும்பியது. ஈரக் கட்டையைத் தரையில் போட்டதுபோல் ஒரு சத்தம் மேல்வரிசை வரைக்கும் கேட்டது. பந்து கோல் கோட்டைத் தாண்டாமல் வெளியே பறந்தது. ஊர் பிழைத்தது. பிறகு வரிசையில் நின்று ஊரே அந்த நெற்றிக்கு முத்தம் கொடுத்தது. பாதிரியாரும் கொடுத்தார், தன் முறை வந்தபோது.

பந்தலுக்கடியில் பொரித்த மத்தி மீனும் தண்ணீர் கலந்த சிவப்பு ஒயினும் வந்தன. யேரே சாப்பிடவில்லை. நீவெஸ் அவர் பக்கத்தில், முழங்கை படும் தூரத்தில். இத்தனை வருடமாக அவர்கள் இருவரும் இதே பந்தலில் உட்கார்ந்து, பந்து தங்கள் மேசைக்கு வராமல் போய்விடுமோ என்று நடுங்கியிருக்கிறார்கள். இந்த வருடம் நீவெஸ் வேறு மாதிரி நடுங்கினார். யேரே எப்படி நடுங்கினார் என்று தெரியவில்லை. கேட்க இடமுமில்லை.

ஷியோர் புரோஸ்பெர் எழுந்தார். வாயைத் துடைத்தார். பந்தைக் கையில் உருட்டிக்கொண்டு ஒவ்வொரு மேசையாகப் பார்த்தார். லோவ்ரேவுக்கு ஒரு வீச்சு, முட்டினான். நடுக்களத்துப் பையனுக்கு ஒன்று, முட்டினான். அப்புறம் அவர் புன்னகைத்து, உடம்பை முழுதாக இந்தப் பக்கம் திருப்பினார். "கேப்டன்," என்றார். பந்தை வீசினார்.

பந்து மெதுவாக, மிக மரியாதையாக, திராட்சை இலைகளை உரசிக்கொண்டு வந்தது. யேரேயின் கழுத்து இறுகுவதை நீவெஸ் கண்டார். தாடை முன்னே வந்தது, கண் பந்திலேயே நின்றது. அப்புறம் இரண்டு கைகளும் மேசைக்கடியிலிருந்து எழுந்து வந்து அதைப் பிடித்துக்கொண்டன.

லோவ்ரேதான் தயங்கித் தயங்கி, "கேப்டன், கை பட்டா ஃபவுல்," என்றான். ஒன்றிரண்டு பேர் சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். ஷியோர் புரோஸ்பெரின் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது, திரும்பி வரப்போகும் பந்துக்காக.

நீவெஸ் கணவரின் முகத்தைப் படித்தார். வேண்டாமென்று முடிவெடுத்துப் பிடித்தாரா, அல்லது பந்து வந்தால் என்ன செய்யவேண்டும் என்பது அந்த ஒரு நொடி மறந்துபோனதா? இரண்டில் எது என்று அவருக்குத் தெரியவில்லை. மத்தித் தட்டை ஓரமாகத் தள்ளி இடம் செய்தார். யேரே பந்தை அங்கே வைத்து, அது உருண்டுவிடாதபடி மேலே உள்ளங்கையை வைத்துக்கொண்டார்.